ஒரே கோர்ட்டில் 12 பேருக்கு டென்னிஸ் பயிற்சி

கேள்வி: கோத்தகிரி பக்கம் ஒரு மேல்நிலைப் பள்ளியில் பி.டி. டீச்சராக இருக்கிறேன். இருப்பது ஒரே ஒரு சிமெண்ட் கோர்ட். ஒன்பது முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை 12 பேர் ஆட வருகிறார்கள். மாலை நாலு முதல் ஐந்தரை வரைதான் நேரம். பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி, கூடையிலிருந்து பந்து எடுத்துப் போடுகிறேன். இங்கே அழகாக அடிப்பவர்கள் கோயம்புத்தூருக்குப் போனால் முதல் சுற்றிலேயே தோற்றுவிடுகிறார்கள். எதை மாற்றலாம்?

பதில்: டீச்சர், முதலில் அந்த வரிசையைக் கலையுங்கள். ஆளுக்கு நாலு பந்து அடித்துவிட்டுப் பின்னால் போய் நிற்பது ரேஷன் கடை வரிசை மாதிரிதான். ஒன்றரை மணி நேரத்தை 12 பேருக்குப் பங்கிட்டால் ஒருவருக்கு ஏழரை நிமிடம் வருகிறது. அதிலும் நீங்கள் போடும் பந்து ஒரே உயரம், ஒரே வேகம். போட்டியில் யாரும் அப்படிப் போட்டுத் தர மாட்டார்கள்.

நாலு நாலு பேராக மூன்று அணி பிரியுங்கள். கோர்ட்டின் நடுக்கோட்டைச் சாக்பீஸால் இரண்டு பேஸ்லைன் (கோர்ட்டின் பின்கோடு) வரை நீட்டினால், நெட்டுக்கு இரு பக்கமும் சேர்த்து இரண்டு நீளப் பாதிகள் கிடைக்கும். ஒவ்வொரு பாதியிலும் இருவர் ஒற்றையர் ஆடலாம். பந்தைக் கீழ்க்கையால் போட்டு ஆரம்பித்தால் போதும். அடுத்த நால்வர் சுவரில் அடிக்கட்டும். மீதி நால்வருக்கு ஸ்கிப்பிங் கயிறு. 15 நிமிடத்துக்கு ஒரு முறை மாற்றிவிடுங்கள். பாதிக் கோர்ட் குறுகலானது என்பதால் பந்தை நேராகவும் ஆழமாகவும் போடும் பழக்கம் தானாக வரும்.

மீதியுள்ள நேரத்தில் பெரும்பகுதி புள்ளியைத் தொடங்கும் சர்வுக்கும் அதைத் திருப்பி அடிக்கும் ரிட்டர்னுக்கும். பெரும்பாலான பள்ளிகளில் இதைக் கடைசி ஐந்து நிமிடத்துக்குத் தள்ளிவிடுகிறார்கள், அப்போது பாதிப் பேர் பஸ்ஸுக்குக் கிளம்பியிருப்பார்கள். தொழில்முறைப் போட்டிகளிலேயே பத்தில் ஏழு புள்ளி போல பந்தை நாலு முறை அடிப்பதற்குள் முடிந்துவிடுகிறது. பள்ளி மட்டத்தில் கேட்கவே வேண்டாம், இரண்டு சர்வும் தவறிப் புள்ளி போகும் டபுள் ஃபால்ட்டிலேயே கேம் போய்விடும். ஆகவே ஒரே ஒரு சர்வ் மட்டும் தந்து புள்ளி ஆட விடுங்கள். இருவருக்கும் சமமாக, இன்னும் இரண்டு புள்ளியில் கேம் முடியக்கூடிய 30-30 என்று வைத்து ஆரம்பித்தால் ஒவ்வொரு பந்துக்கும் பதற்றம் இருக்கும். பத்து சர்வில் எத்தனை உள்ளே விழுந்தது என்று ஒரு நோட்டில் அவரவரே எழுதட்டும். ஃபோர்ஹேண்ட் எப்படி இருக்கிறது என்று பேசுவதைவிட அந்த எண்ணைப் பற்றிப் பேசுங்கள்.

கோயம்புத்தூர் விஷயத்தில் பிள்ளைகளை மட்டும் குறை சொல்ல முடியாது. கோத்தகிரி 1,800 மீட்டருக்குக் கிட்டே இருக்கிறது. காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தைவிட ஆறில் ஒரு பங்கு போலக் குறைவு. அதனால் பந்து வேகமாகப் பறக்கும், பந்தை முன்னோக்கிச் சுழற்றிக் கீழே இறக்கும் டாப்ஸ்பின்னும் அவ்வளவாகப் பிடிக்காது. உள்ளே காற்றழுத்தம் உள்ள பந்து கூடுதலாகவும் எழும்பும். வெளியே போகுமோ என்ற பயத்தில் பிள்ளைகள் பாதி வீச்சோடு கையை நிறுத்தப் பழகிவிடுகிறார்கள். கீழே இறங்கியதும் அதே அடி நெட்டுக்கும் பேஸ்லைனுக்கும் இடையில் உள்ள சர்வீஸ் லைன் பக்கமே விழும். எதிராளி முன்னே வந்து அடித்துவிடுவார்.

சர்வதேச டென்னிஸ் சம்மேளனத்தின் விதிகளிலேயே 1,219 மீட்டருக்கு மேல் ஆட வேறு பந்துகளுக்கு இடம் உண்டு. 254 செ.மீ. உயரத்திலிருந்து போட்டால் சாதாரணப் பந்து 135 முதல் 147 செ.மீ. வரை எழும்ப வேண்டும். மலைப் பந்து 122 முதல் 135 வரைதான். இல்லாவிட்டால் உள்ளே கூடுதல் காற்றழுத்தம் இல்லாத பந்தை ஆடும் இடத்திலேயே 60 நாள் வைத்திருந்து பயன்படுத்தலாம். உங்களுக்கு இந்த இரண்டாவது வழிதான் தோது. அந்தப் பந்து மாதக் கணக்கில் எழும்பும், மேலே உள்ள பஞ்சு தேயும்வரை ஓட்டலாம். பள்ளி பட்ஜெட்டுக்கும் அதுவே நல்லது. ராக்கெட் நரம்பை இரண்டு மூன்று பவுண்ட் இறுக்கிக் கட்டினாலும் பந்து கட்டுக்குள் வரும். ஆனால் சமவெளிக்குப் போகும்முன் தளர்த்திக் கட்ட வேண்டும். முடிந்தால் முதல் நாளே கீழே போய் ஒரு மணி நேரமாவது அடிக்கட்டும், முழு வீச்சோடு, நெட்டுக்கு மேலே நல்ல உயரம் விட்டு.

குளிருக்கு ஒரு வார்த்தை. வந்ததும் நின்ற இடத்தில் கையைக் காலை நீட்ட வைக்காமல், சர்வீஸ் பெட்டிக்குள் நாலு ஜோடி மெதுவாக ராலி ஆடட்டும், மற்றவர்கள் ஓடட்டும். பத்து நிமிடத்தில் ஸ்வெட்டர் கழன்றுவிடும்.

ஐப்பசி, கார்த்திகையில் கோர்ட் ஈரமாக இருந்தால் ஆட்டம் வேண்டாம். சிமெண்ட் வழுக்கும், நனைந்த பந்து கனத்து முழங்கையை இழுக்கும். வராந்தாவில் சர்வுக்குப் பந்து தூக்கிப் போடும் பயிற்சி மட்டும் கொடுங்கள். விட்டத்தில் முட்டாத இடமாகப் பார்த்துக்கொள்ளுங்கள். எதிர்ப் பேஸ்லைன் தெரியாத அளவுக்கு மூடுபனி இறங்கினால் சர்வை அத்தோடு நிறுத்திவிட்டு எல்லாரையும் சுவர்ப் பக்கம் அனுப்புங்கள். தெரியாமல் வரும் பந்து கண்ணில் பட்டால் பெற்றோருக்குப் பதில் சொல்ல முடியாது.