மத்தாப்பு சுழற்றும் பிள்ளையின் முகம் படத்தில் கரையாமல் இருக்க என்ன செய்யலாம்?

கமராவுக்குள் ஒளியை விடும் திரையான ஷட்டரை நீண்ட நேரம் திறந்து வைத்தால் மத்தாப்பின் ஒளிக்கோடு அழகாக விழுகிறது, ஆனால் பிள்ளையின் முகம் கரைந்துவிடுகிறது என்று கேட்டிருக்கிறீர்கள். எங்கோ படித்துவிட்டுப் பத்து விநாடி, பதினைந்து விநாடி என்று வைத்துப் பார்த்திருப்பீர்கள் என எண்ணுகிறேன். அவை பெரியவர்களுக்குப் பொருந்தும் அளவுகள். 1949இல் ஜோன் மிலி என்ற படப்பிடிப்பாளர் ஓவியர் பிக்காசோவிடம் சிறு மின்விளக்கைக் கொடுத்து இருட்டில் வரையச் செய்தபோது, கோடு திறந்த ஷட்டரிலும் உருவம் பிளாஷ் ஒளியிலும் பதிந்தன. பிக்காசோவுக்கு எங்கே நிற்க வேண்டும் என்று தெரியும். ஆறு வயதுப் பிள்ளைக்கு அது தெரிய வேண்டிய அவசியமே இல்லை.

கொழும்பு வெள்ளவத்தையில் எங்கள் தொடர்மாடியின் மொட்டைமாடியில், தீபாவளி இரவுகளில் அண்ணனின் பிள்ளைகளைப் பல ஆண்டுகளாகப் படமெடுத்து வருகிறேன். படக்கலையில் மூத்தவர் ஒருவர், பிள்ளையை ஆடாமல் நிறுத்தி அதன் பெயரை எழுத வைத்தால்தான் படம் தேறும் என்று எனக்கு அறிவுரை சொன்னார். அதை என் பெறாமகளிடம் சொன்னபோது அவள் கேட்டாள்: "சித்தப்பா, ஆடாமல் நிண்டால் மத்தாப்பு என்னத்துக்கு?" அவள் கேட்டதுதான் சரி. பிள்ளையின் ஆட்டத்துக்குக் கமராதான் இணங்கிப் போக வேண்டும்.

இதற்கு ஒரு விடயம் விளங்கினால் போதும். நகரும் ஒளிக்கோட்டின் பிரகாசத்தைத் தீர்மானிப்பவை வில்லையின் துவார அளவும், கமரா ஒளியை உணரும் திறனைக் குறிக்கும் ஐஎஸ்ஓ அளவும், கை சுழலும் வேகமுமே. ஷட்டர் எவ்வளவு நேரம் திறந்திருக்கிறது என்பதல்ல. நேரத்தைக் கூட்டினால் கோடு நீளும், பின்னணி வெளுக்கும், பிள்ளையின் உருவம் மேலும் கலங்கும். ஆகவே ஐஎஸ்ஓ 100, துவாரம் எஃப் 8 அல்லது எஃப் 11 (எண் கூடினால் துவாரம் சிறுக்கும்), ஷட்டர் ஒன்று முதல் இரண்டு விநாடி என்று தொடங்குங்கள். ஒரு முழு வட்டம் சுழற்ற அந்த நேரம் தாராளமாகப் போதும். பிள்ளை நிற்கும் இடத்தில் டோர்ச் அடித்துக் குவியத்தைச் சரிசெய்து, பிறகு தானியங்கிக் குவியத்தை நிறுத்திவிடுங்கள். முக்காலி கட்டாயம் வேண்டும் என்று நான் அடம்பிடிக்க மாட்டேன். தண்ணீர்த் தொட்டியின் விளிம்பில் கமராவை வைத்தும் எடுக்கலாம்.

முகத்தைப் பதிப்பது பிளாஷின் வேலை. அது ஷட்டர் திறக்கும்போது மின்னினால், படம் முடிந்துவிட்டது என்று பிள்ளை கையைத் தாழ்த்திவிடும், கோடும் தொங்கிப்போகும். எனவே ஷட்டர் மூடும் தறுவாயில் மின்னும் 'ரியர் கர்ட்டன்' முறையைத் தெரிவுசெய்யுங்கள். அத்துடன் பிளாஷைத் தானியங்கி அளவில் விடாமல் முழு வலுவில் பதினாறில் ஒரு பங்கு அல்லது முப்பத்திரண்டில் ஒரு பங்கு என்று கையால் அமையுங்கள். தானியங்கியில் விட்டால் ஒளியை அளப்பதற்காக முன்கூட்டியே ஒரு சிறு மின்னல் வரும், பிள்ளை அதைக் கண்டே நின்றுவிடும். பிளாஷைப் பக்கவாட்டில் வைத்தால் புகை வெள்ளைத் திரையாக எழும்பாது. அதன் முகப்பில் செம்மஞ்சள் கண்ணாடித்தாள் ஒரு துண்டு ஒட்டினால், முகத்தின் நிறம் நெருப்பின் நிறத்தோடு சேர்ந்துகொள்ளும். ஐப்பசி மழை பெய்து ஓய்ந்த இரவு வாய்த்தால் விட்டுவிடாதீர்கள்: ஈரச் சீமெந்துத் தரையில் முழு வட்டமும் இன்னொரு முறை விழும்.

பிள்ளைகள் கையில் நெருப்பைக் கொடுத்துவிட்டுப் படமா எடுக்கிறீர்கள் என்று சிலர் கேட்பார்கள். மத்தாப்பின் எரியும் முனை ஆயிரம் பாகை செல்சியஸையும் தாண்டும் என்பதை நான் அறிவேன். படத்துக்காக நான் யாரிடமும் மத்தாப்பு கொடுப்பதில்லை; தீபாவளிக்குக் கொளுத்தும் பிள்ளைகளைத்தான் எடுக்கிறேன். கமராவைத் தொடாத பெரியவர் ஒருவர் மணல் வாளியோடு பக்கத்தில் நிற்காவிட்டால் எடுப்பதே இல்லை. அணைந்த கம்பியும் சுடும் என்பதால் அது நேரே வாளிக்குள் போக வேண்டும். பருத்தி உடையும் காலை மூடிய சப்பாத்தும் அவசியம். மிகச் சிறிய பிள்ளைகள் பார்த்து மகிழட்டும்.

என் உண்மையான மனக்குறை வேறு. பாதுகாப்புக்கென்று எங்கள் மொட்டைமாடியில் கடும் வெள்ளை எல்இடி விளக்கு ஒன்றைப் பொருத்தியிருக்கிறார்கள். அது எரியும்போது இரண்டு விநாடியிலேயே சுவர், தண்ணீர்த் தொட்டி, உடுப்புக் கொடி எல்லாம் வெளிச்சமாகிப் பிள்ளையின் அசைவு முழுவதும் படத்தில் மங்கலாகப் படிந்துவிடுகிறது. தீபாவளி இரவில் கால் மணி நேரம் அணைத்துத் தாருங்கள் என்று எழுத்தில் கேட்டும் நிர்வாகக் குழு இணங்கவில்லை. இப்போது தொட்டியின் நிழல் விழும் மூலையில், துவாரத்தை எஃப் 11இல் வைத்து ஒரு விநாடிக்குள் எடுக்கிறேன். உங்கள் வீட்டிலும் அப்படி விளக்கு இருந்தால் பிள்ளையின் பின்புறம் இருண்ட வானம் வரும்படி கமராவைத் தாழ வைத்து எடுங்கள்.

கைப்பேசி மட்டுமே உள்ளதெனில் இரவு முறையைத் தவிருங்கள். அது பல படங்களை ஒன்றாக இணைப்பதால் கோடு துண்டு துண்டாகலாம். அளவுகளைக் கையால் அமைக்கவிடும் 'புரோ' முறையில் ஷட்டரை ஒரு விநாடிக்கு வைத்து, அது மூடும் நேரத்தில் பக்கத்தில் நிற்பவரை டோர்ச்சை ஒரு கணம் முகத்தில் அடித்து அணைக்கச் சொல்லுங்கள்.