வாசகர் கேள்வி பதில்: அமாவாசை பார்த்துப் புறப்படுங்கள்

கேள்வி: டிசம்பரில் கேம்பிரிட்ஜில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போகிறேன். இங்கிலாந்தின் நார்ஃபோக் கடற்கரையில் உள்ளான் பறவைகள் கூட்டம் கூட்டமாக எழும்பும் வீடியோ பார்த்ததிலிருந்து ஒரே ஆசை. ஒரு நாள் போதுமா? எப்போது போகலாம்? (வாசகி, திருச்சி)

பதில்: ஒரு நாள் போதும், ஆனால் அது எந்த நாள் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. நீங்கள் பார்த்தது அநேகமாக ஸ்னெட்டிஷம் பறவைச் சரணாலயமாக இருக்கும், வாஷ் என்கிற அகலமான கழிமுகத்தின் ஓரம். கடல் வற்றியிருக்கும்போது அங்கே கண்ணுக்கெட்டியவரை சேறுதான், ‘நாட்’ என்கிற உள்ளான்கள் எங்கோ தூரத்தில் சிப்பி பொறுக்கிக்கொண்டிருக்கும், பைனாகுலரிலும் புள்ளிதான். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி நீர் பெரிதாக ஏறும்போது சேறு மொத்தமும் மூழ்கிவிடும், நிற்க இடமில்லாமல் கூட்டம் முழுவதும் எழும்பி, தலைக்கு மேலே சுழன்று, கரைக்கு உள்ளே இருக்கும் பழைய ஜல்லிக் குழி ஏரிகளில் வந்து நெருக்கியடித்து உட்காரும்.

சரி, இரண்டில் எது? நான் அமாவாசையைத்தான் சொல்வேன். காரணம் வாத்துகள். ஐஸ்லாந்திலிருந்தும் கிரீன்லாந்திலிருந்தும் குளிர்காலத்துக்கு வரும் இளஞ்சிவப்புக் கால் வாத்துகள் இரவில் அதே சேற்றில் அடைந்து, விடியும்போது வரிசை வரிசையாகக் கத்திக்கொண்டு, அறுவடை முடிந்த பீட்ரூட் வயல்களுக்குப் பறக்கும் (நாம் பொரியல் செய்வது இல்லை, சர்க்கரை எடுக்கிற பீட்ரூட்). நிலா வெளிச்சம் இருந்தால் ராத்திரியிலேயே மேயப் போய்விடும், விடியற்காலையில் வந்து நிற்கிற உங்களுக்கு வெறும் வானம்தான்.

இன்னொரு சிக்கல். டிசம்பரில் அங்கே சூரியன் வர 8 மணி ஆகும். அமாவாசையன்றே போனால் நீர் இருட்டிலேயே ஏறி முடித்துவிடும். ஏற்றம் தினமும் முக்கால் மணி நேரம் போலத் தள்ளிப்போவதால், இரண்டு மூன்று நாள் கழித்துப் போனால் வெளிச்சமும் ஏற்றமும் கூடிவரும். அந்தச் சரணாலயத்தை நடத்தும் ஆர்எஸ்பிபி என்கிற பறவைப் பாதுகாப்பு அமைப்பு ஏற்ற அட்டவணை வெளியிடுகிறது, அதைப் பார்த்துக்கொண்டு ஒரு மணி நேரம் முன்னதாகவே கரையில் இருங்கள். கேம்பிரிட்ஜிலிருந்து கிங்ஸ் லின்னுக்கு ரயில் இருக்கிறது, ஆனால் அதில் விடிவதற்குள் போய்ச்சேருவது சிரமம், முந்தின இரவே பக்கத்தில் ஹன்ஸ்டன்டனில் தங்கிவிடுங்கள். கார் நிறுத்துமிடத்திலிருந்து பறவை பார்க்கும் மறைவுக் குடில்களுக்கு நல்ல நடை இருக்கிறது. முழங்கால் வலி என்றால் மகளிடம் முன்பே சொல்லிவிடுங்கள்.

கேள்வி: நமக்கே விரல் விறைக்கிற குளிரில் பறவைகள் வெறுங்காலோடு எப்படி நிற்கின்றன? (வாசகர், ஈரோடு)

பதில்: காலுக்கு இறங்கும் சூடான ரத்தக் குழாயும், பாதத்திலிருந்து ஏறும் குளிர்ந்த ரத்தக் குழாயும் ஒட்டி ஒட்டிப் போகின்றன. இறங்கும் ரத்தம் தன் சூட்டை ஏறும் ரத்தத்துக்குக் கொடுத்துவிடுவதால் பாதம் உறையாத அளவுக்கு மட்டும் சூடாக இருக்கும், உடம்புச் சூடு வீணாகாது. பாதத்தில் பெரிதாகத் தசையும் கிடையாது, எலும்பும் நாணும்தான். போதாததற்கு ஒரு காலை மடக்கி இறகுக்குள் வைத்துக்கொள்ளும். நமக்கு அந்த வசதி இல்லை, இரண்டு ஜோடி காலுறை போடுங்கள். பைனாகுலரைத் திருகும்போது விரல் வெளியே வருகிற மாதிரியான கையுறை இருந்தால் ரொம்ப நல்லது.

கேள்வி: இதற்கு இங்கிலாந்து போக வேண்டுமா? கோடியக்கரை இல்லையா? (வாசகர், நாகப்பட்டினம்)

பதில்: கோபம் நியாயம்தான்! அதே டிசம்பரில் கல்திருப்பி உள்ளானும் பெரிய கோட்டானும் (ஆந்தை இல்லை, வளைந்த நீள அலகுள்ள கரைப்பறவை) கோடியக்கரைக்கும் வருகின்றன, பூநாரையும் சேர்த்து. ஆனால் திருச்சி வாசகி மகளைப் பார்க்கத்தானே போகிறார்?

கேள்வி: 4 மணிக்கெல்லாம் இருட்டிவிடுமாமே, காலைக் காட்சிக்குப் பிறகு என்ன செய்வது? (அதே திருச்சி வாசகி)

பதில்: அப்புறம் நேராக டிச்வெல் சரணாலயம். அங்கே பாதை நாணல் காட்டையும் நன்னீர் ஏரியையும் தாண்டிக் கடற்கரையில் போய் முடியும். அலை பின்வாங்கும்போது பின்னாலேயே ஓடி, திரும்பி வந்தால் கால் நனையாமல் முன்னால் ஓடும் சாண்டர்லிங் என்கிற குட்டி உள்ளான்களை அங்கே பாருங்கள், கடலில் கருப்பாக மிதப்பவை பெரும்பாலும் ஸ்கோட்டர் வாத்துகள். 3 மணிக்கு நாணல் பக்கம் திரும்பிவிடுங்கள், சேற்றுப் பருந்துகள் அடைய வருகிற நேரம் அது.