ஐயாவின் மரப்பெட்டி

கேள்வி: காரைக்குடிப் பக்கம் எங்கள் பூர்வீக வீடு. முன்னோருக்குப் படைக்கும் படைப்புக்காகச் சுத்தம் செய்தபோது, வீட்டின் இரண்டாம் கட்டுப் பகுதியில் இருந்த ஐயாவின் (தாத்தாவின்) மரப்பெட்டியில் பிளாவட்ஸ்கி அம்மையாரின் படமும் புத்தகங்களும் கிடைத்தன. பக்கத்துக்குப் பக்கம் ஐயா பென்சிலால் கோடு போட்டிருக்கிறார். அப்பச்சியோ (அப்பாவோ), "மந்திரம் காட்டி ஊரை ஏமாற்றியவள், எரித்துவிடு" என்கிறார். ஐயா ஏமாந்துபோனாரா? நான் என்ன செய்யட்டும்?

பதில்: எரிக்க வேண்டாம், சகோதரி.

அப்பச்சி காரணமில்லாமல் சொல்லவில்லை. 1875-ல் நியூயார்க்கில் கர்னல் ஆல்காட் முதலானவர்களோடு தியாசபிகல் சொசைட்டி என்ற பிரம்மஞான சபையைத் தொடங்கிய அந்த ரஷ்யப் பெண்மணி, 1882-ல் அடையாற்றுக்குக் குடிவந்தார். அவருடைய அறையை ஒட்டி ஒரு மர அலமாரி இருந்தது. அவர் தம் குருமார் என்று சொன்ன, கண்காணாத மகாத்மாக்களின் கடிதங்கள் அதற்குள் தானாக வந்து விழுவதாகச் சுற்றியிருந்தவர்கள் நம்பினார்கள். அங்கே வீட்டு நிர்வாகம் பார்த்த எம்மா கூலோம், எல்லாம் தந்திரம், தானும் உடந்தை என்று 1884-ல் போட்டு உடைத்தார். இப்படிப்பட்ட அதிசயங்களை ஆராயும் ஒரு சங்கத்துக்காக லண்டனிலிருந்து விசாரிக்க வந்த ரிச்சர்ட் ஹாட்ஜ்சன், மோசடி என்றே 1885-ல் அறிக்கை கொடுத்தார். அந்த வருஷமே அம்மையார் இந்தியாவை விட்டுப் போனார். திரும்பி வராமலே 1891-ல் லண்டனில் காலமானார்.

ஆனால் ஹாட்ஜ்சன் வந்தபோது சோதித்துப் பார்க்க அலமாரி இல்லை. சொசைட்டிக்காரர்களே அதற்கு முன் எரித்துவிட்டார்கள். அதனால் பழி போனதா? சந்தேகம்தான் கெட்டிப்பட்டது. நூறு வருஷம் கழித்து, 1986-ல், ஹாட்ஜ்சன் ஒருபக்கமாக நடந்துகொண்டார் என்று போலி ஆவணங்களை ஆராயும் நிபுணர் வெர்னான் ஹாரிசன் எழுதினார். அப்போதும் எடுத்துக் காட்ட அலமாரி இல்லையே! கடிதம் தானாக விழுந்தது என்பதை நான் நம்பவில்லை. ஆனாலும் அதை எரித்தது பெரிய தப்பு என்றே நினைக்கிறேன்.

சரி, ஐயா விஷயத்துக்கு வருகிறேன். லண்டனில் சட்டம் படித்த காந்தியும் இந்த அம்மையாரின் 'கீ டு தியாசபி'யைப் படித்தவர். இந்து சமய நூல்களைப் படிக்கும் ஆசையை அந்தப் புத்தகம் தூண்டியது, நம் சமயம் முழுக்க மூடநம்பிக்கை என்று பாதிரிமார் ஏற்றிவிட்டிருந்த எண்ணத்தைப் போக்கியது என்று சத்திய சோதனையில் சொல்கிறார். அலமாரி அதிசயத்துக்காக அவர் அதைப் படிக்கவில்லை. உங்கள் ஐயா எதற்காகப் படித்தார் என்பது அந்தப் பென்சில் கோடுகளில்தான் இருக்கிறது.

படத்தைச் சாமி அறையில் வைக்க வேண்டியதில்லை. புத்தகங்களைத் தூசி தட்டி, வசம்பைத் துணியில் முடிந்து பெட்டிக்குள் போடுங்கள். படைப்பு முடிந்து சொந்தங்கள் கிளம்பியதும், ஐயா கோடு போட்ட இடங்களை அப்பச்சிக்கு வாசித்துக் காட்டுங்கள்.