சிறுகதை எழுதுவோர் கேட்டவை: பழக்கம், திருத்தம், ஒற்று

அக்கா, தினமும் எழுத முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமை மொத்தமாக உட்கார்ந்தால் போதாதா?

கதை எங்கே நின்றது என்று பிடிப்பதிலேயே ஞாயிறு காலை போய்விடும். தினம் 20 நிமிடம் ஒதுக்குங்கள். நிறுத்தும்போது காட்சி முடிந்த இடத்தில் நிறுத்தாதீர்கள். அடுத்த வரி மனசில் இருக்கும்போதே எழுந்து, அதை மூன்று நான்கு சொல்லில் ஓரத்தில் குறித்துவிடுங்கள். மறுநாள் அங்கிருந்தே கை ஓடும்.

திருத்த உட்கார்ந்தால் எல்லாம் சரியாகவே தெரிகிறதே?

எழுதிய சூட்டில் படித்தால் அப்படித்தான் தெரியும். ஒரு வாரம் மூடி வைத்துவிட்டு, அச்செடுத்து, வாய்விட்டுப் படியுங்கள். மூச்சு வாங்கும் இடத்தில் கோடு போடுங்கள். பெரும்பாலும் எச்சங்களை, அதாவது 'வந்த', 'கூப்பிட்டபடி' போன்ற முடியாத வினைகளை அடுக்கிய வாக்கியமாக இருக்கும்:

"பாட்டி வாங்கி வந்த கத்தரிக்காயை நறுக்கிக்கொண்டிருந்த அம்மாவைக் கூப்பிட்டபடி ஓடி வந்த தம்பியின் முழங்காலில் ரத்தம் வழிந்தது."

தமிழில் வினைமுற்று கடைசியில் வருவதால், முக்கியமான ரத்தம் கத்தரிக்காய்க்குப் பின்னால் போய் நிற்கிறது. உடைத்துப் பாருங்கள்:

"தம்பி ஓடி வந்தான். முழங்காலில் ரத்தம். நறுக்கிக்கொண்டிருந்த கத்தரிக்காயைப் போட்டுவிட்டு அம்மா எழுந்தாள்."

பாட்டி இங்கே தேவையே இல்லை என்பதும் இப்போது தெரிகிறது. இன்னொன்று, எல்லாவற்றையும் ஒரே வாசிப்பில் பிடிக்கப் பார்க்காதீர்கள். முதல் சுற்றில் வாக்கிய நீளம், அடுத்ததில் உரையாடல், எழுத்துப்பிழை கடைசியில். வெட்டப்போகும் பத்தியில் ஒற்று பார்த்து என்ன பயன்?

அந்த ஒற்றுதான் எனக்குத் தீராத தலைவலி.

முழு விதியையும் மனப்பாடம் செய்ய வேண்டாம். அடிக்கடி வருபவை நான்கு. அந்த, இந்த, எந்த என்பவற்றுக்குப் பின் க, ச, த, ப வந்தால் ஒற்று மிகும், அதாவது நடுவே க், ச், த், ப் சேரும்: அந்தப் பையன். 'ஐ' உருபு வெளிப்படையாக வந்தால் மிகும்: வேலையைச் செய்தான். உருபு மறைந்தால் மிகாது: வேலை செய்தான். 'கு' உருபுக்குப் பின் மிகும்: ஊருக்குப் போனான். 'செய்யச் சொன்னான்' போன்றவற்றிலும் மிகும். ஒரு, சில, பல வந்தால் கை வைக்காதீர்கள். சொல்லில் சந்தேகம் என்றால் க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதியைப் புரட்டுங்கள். 2020இல் வந்த மூன்றாம் பதிப்பு நல்லது.

வட்டார வழக்கில் பேச்சு எழுதும்போது குழம்பிப் போகிறது.

பாத்திரத்துக்கு ஒரு பக்கம் ஒதுக்கி, யாரை எப்படிக் கூப்பிடுவார், வினையை எப்படி முடிப்பார் என்று எழுதி வையுங்கள். நெல்லைப் பாட்டி முதல் பக்கத்தில் 'வந்தாவ' என்றவர் காரணமில்லாமல் நாலாம் பக்கத்தில் 'வந்தாங்க' என்றால் குரல் கலைந்துவிடும். வழக்கு உரையாடலில் மட்டும்தானா, கதைசொல்லியின் நடையிலும் உண்டா என்பதை முதல் பத்திக்கு முன்பே முடிவு செய்யுங்கள்.

நண்பர்களிடம் காட்டினால் 'சூப்பர்' என்கிறார்கள், அவ்வளவுதான்.

'எப்படி இருக்கு?' என்று கேட்டால் அதுதான் பதில். கையில் பென்சிலைக் கொடுத்து, சலிப்புத் தட்டிய இடத்திலும், திரும்பப் படிக்க வேண்டி வந்த இடத்திலும் கோடு போடச் சொல்லுங்கள். இரண்டு பேர் ஒரே இடத்தில் போட்டிருந்தால் அந்தப் பத்தியை மாற்றியே ஆக வேண்டும்.