சோவியத் யூனியன் உடைந்த பிறகு அடித்த பதக்கங்களைச் சேகரிப்பது வீண் வேலையா? எல்லாம் டூப்ளிகேட்தானே?

வீண் வேலையும் இல்லை, டூப்ளிகேட்டும் இல்லை. இதே கேள்வியைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது, அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

ரஷ்யாவில் டாக்டருக்குப் படிக்கும் சொந்தக்காரப் பிள்ளை யாரோ லீவுக்கு வரும்போது உங்களுக்கு ஒன்று வாங்கிவந்திருப்பார் என்று நினைக்கிறேன். அரிவாள் சுத்தியல் எல்லாம் இருக்கிறதே என்று ஆசையாகத் தேடிப் பார்த்திருப்பீர்கள். ‘அரசு வழங்கியது அல்ல’ என்று கண்டதும் சப்பென்று ஆகியிருக்கும்.

முதலில் இவை எங்கிருந்து வந்தன என்று பார்ப்போம். 1991 டிசம்பர் 25 அன்று சோவியத் அதிபர் கொர்பச்சோவ் பதவி விலகினார். மறுநாள் நாடாளுமன்றத்தின் மேலவை, யூனியன் முடிந்துவிட்டது என்று அறிவித்தது. ஆனால் அதை ஒத்துக்கொள்ளாதவர்கள் நிறையப் பேர். அந்த வருடம் மார்ச் 17-இல் நடந்த பொது வாக்கெடுப்பில் ஓட்டுப் போட்டவர்களில் முக்கால்வாசிப் பேர் யூனியன் நீடிக்க வேண்டும் என்றுதான் சொல்லியிருந்தார்கள். (ஆறு குடியரசுகள் அதைப் புறக்கணித்தன. இதைச் சொல்லாவிட்டால் யாராவது சண்டைக்கு வருவார்கள்.) சரியாக ஒரு வருடம் கழித்து, 1992 மார்ச் 17 அன்று, பழைய மக்கள் பிரதிநிதிகளில் ஒரு பிரிவினர் மாஸ்கோவுக்கு வெளியே வொரனோவோவில் கூடினார்கள். அங்கே கரண்ட் துண்டிக்கப்பட்டது. மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் மாநாடு நடத்தி, ‘நிரந்தரத் தலைமைக் குழு’ ஒன்றை அமைத்து, சாழி உமலாத்தவாவைத் தலைவியாக்கினார்கள். செச்சென்யாவின் தலைநகர் குரோஸ்னியில் ‘சிவப்புச் சுத்தியல்’ தொழிற்சாலையில் வெல்டிங் குழுவுக்குத் தலைமை தாங்கியவர், செச்சென் பெண்மணி. 1990 டிசம்பரில் கொர்பச்சோவ் மீது நம்பிக்கையில்லாத் தீர்மானம் கொண்டுவர வேண்டும் என்று அவையிலேயே எழுந்து நின்று கேட்டவரும் இவர்தான்.

இந்தக் குழுதான் இல்லாத ஒரு நாட்டின் பெயரில் பதக்கம் வழங்க ஆரம்பித்தது. சேகரிப்பாளர்கள் அவற்றை இன்றைக்கும் ‘உமலாத்தவா பதக்கம்’ என்றே சொல்கிறார்கள். அப்புறம் ரஷ்யக் கம்யூனிஸ்ட் கட்சி, ஆப்கன் போர் வீரர் சங்கங்கள் என்று ஆளாளுக்கு வெளியிட்டார்கள். 2007-இல் புரட்சியின் 90-ஆம் ஆண்டுக்குக் கட்சி வெளியிட்டது இன்றும் எளிதாகக் கிடைக்கும்.

என் கதைக்கு வருகிறேன். 2000-களின் தொடக்கத்தில் மாஸ்கோவில் படித்தேன். ஞாயிற்றுக்கிழமையானால் இஸ்மாய்லோவோ சந்தை. இன்று பார்ட்டிசான்ஸ்காயா என்று பெயர் மாறிய மெட்ரோ நிலையத்துக்கு அப்போது இஸ்மாய்லோவ்ஸ்கி பார்க் என்று பெயர். மரப்பொம்மை, கம்பளித் தொப்பி கடைகளைத் தாண்டிப் போனால், தரையில் துணி விரித்துப் பழைய சாமான் விற்பவர்கள் இருப்பார்கள். அங்கேதான் இரண்டாம் உலகப் போரின் சோவியத் தளபதி மார்ஷல் ஜூக்கவின் முகம் போட்ட பதக்கம் ஒன்றைப் பார்த்தேன். அவர் பிறந்த நூற்றாண்டுக்கு, 1996-இல், உமலாத்தவா குழு வெளியிட்டது. மேலே ரிப்பன் சுற்றிய ஐங்கோணத் தகடு, பின்னால் ஊக்கு, எல்லாம் அச்சு அசல் சோவியத் பாணி. கையில் எடுத்தால்தான் வித்தியாசம் தெரியும்: எடை கம்மி, விளிம்பில் நகத்தை ஓட்டினால் லேசாகப் பிசிறு தட்டும்.

விற்றவர் பதக்கத்தோடு இருந்த சின்ன அட்டைப் புத்தகத்தை எடுத்து ஓரமாகப் போட்டார். வெளிநாட்டுக்காரனுக்கு எதற்குக் காகிதம் என்று நினைத்திருப்பார். நான் அதையும் கேட்டு வாங்கினேன். உள்ளே, பதக்கம் பெற்றவரின் பெயர், அப்பா பெயர், குடும்பப் பெயர் மூன்றும் நீலப் பால்பாயின்ட் பேனாவில். கீழே அச்சடித்த கையெழுத்து. பக்கத்தில் வட்ட முத்திரை, அதில் சோவியத் அரசுச் சின்னம். தேதியைப் பார்த்தால் 1996. நாடு போய் ஐந்து வருடம் ஆகியும் முத்திரை மட்டும் வேலை செய்துகொண்டிருக்கிறது! பதக்கத்தைவிட அந்த அட்டைதான் என்னை இந்தப் பக்கம் இழுத்தது.

ஹாஸ்டல் வாசலில் சாவிகளோடு உட்கார்ந்திருக்கும் பாட்டி போர்க்காலத்தில் ராணுவ மருத்துவமனையில் வேலை செய்தவர். போரின் வெற்றி நாளான மே 9 வந்தால் பதக்கங்களைக் கோட்டில் வரிசையாகக் குத்திக்கொள்வார். அதில் இதே ஜூக்கவ் பதக்கமும் இருந்தது, அரசாங்கம் கொடுத்த வெற்றியின் 50-ஆம் ஆண்டுப் பதக்கத்துக்குப் பக்கத்திலேயே. “பாபுஷ்கா, இது அரசாங்கம் தந்தது இல்லையே?” என்று கேட்டுவிட்டேன். அவருக்குக் கோபமெல்லாம் இல்லை. “அரசாங்கம் தந்ததை வரிசையில் நின்று, ஜன்னலில் கையெழுத்துப் போட்டு வாங்கினேன். இதை வீட்டுக்கே வந்து குத்திவிட்டார்கள், கார்னேஷன் பூவோடு. டீ குடித்துவிட்டுத்தான் போனார்கள்” என்றார். ஓய்வூதியமே மாதக்கணக்கில் தாமதமான தொண்ணூறுகளில் அவர் வீட்டுக் கதவைத் தட்டியவர்கள் உமலாத்தவாவின் ஆட்கள்தான்.

உடனே என்னைக் கம்யூனிஸ்ட் என்று முத்திரை குத்த வேண்டாம். எனக்கு எந்தக் கட்சியும் இல்லை. உமலாத்தவாவுக்கு அந்த அதிகாரம் கிடையாது என்பதும் தெரியும். ஆனால் ‘செத்த நாடு எப்படிப் பதக்கம் கொடுக்கும்’ என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். அந்த நாட்டின் மிக உயர்ந்த பட்டமான ‘சோவியத் யூனியன் வீரர்’ கடைசியாகக் கிடைத்தது லியோனித் சொலத்கவ் என்ற கடற்படை அதிகாரிக்கு, ஆழ்கடல் முக்குளிப்புச் சோதனைகளுக்காக. உத்தரவு 1991 டிசம்பர் 24-இல் வந்தது. பட்டத்தோடு தரும் தங்க நட்சத்திரப் பதக்கம் அவர் கைக்கு வந்தது 1992 ஜனவரியில். அசல் அரசுப் பதக்கத்தையே, அரசு போன பிறகுதான் கொடுத்திருக்கிறார்கள்.

நான் சேர்த்த இந்தப் பதக்கங்களை நம்ம ஊரில் ஒரு நாணயக் கண்காட்சியில் காட்சிக்கு வைக்கக் கேட்டேன். பொறுப்பில் இருந்த பெரியவர் ஒன்றைச் சுண்டிப் பார்த்துவிட்டு, “தகரம் தம்பி, டேபிள் கிடையாது” என்றார். அதே ஹாலில் நாலு டேபிள் தள்ளி, வைஷ்ணவ தேவி படம் போட்ட ஐந்து ரூபாய்க் காசை வைத்து ஒருவர் வாய்க்கு வந்த விலை சொல்லிக்கொண்டிருந்தார். அவருக்கு டேபிள் உண்டு! இந்தக் காசு லட்சத்துக்குப் போகும் என்று வரும் வீடியோக்களால் நான் படும் பாடு தனிக்கதை. பெரியம்மா, சித்தப்பா, பக்கத்து வீட்டு அக்கா என்று எல்லோரும் போன் போட்டு “நீ காசு சேர்க்கிறவன்தானே, வித்துக் குடு” என்கிறார்கள். ரிசர்வ் வங்கி 2021-லேயே இந்த மோசடி பற்றி எச்சரித்துவிட்டது. முன்பணம் கட்டு, கமிஷன் கட்டு என்று கறந்துவிட்டு ஓடிவிடுவார்கள். சொன்னால் நான் பொறாமையில் பேசுகிறேன் என்கிறார்கள். சரி, விடுங்கள்.

வாங்குவது பற்றி. என் கணக்கில் இரண்டே வகை: ஒரு மனிதருக்கு வழங்கப்பட்டது, கடையில் விற்பதற்கென்றே அடித்தது. இரண்டாவது வகை மூட்டை மூட்டையாக வருகிறது, அதில் எனக்கு ஆர்வம் இல்லை. அட்டையும் அதில் கையால் எழுதிய பெயரும் இருந்தால் வாங்குங்கள். பெயர் எழுதாத வெற்று அட்டையும் தனியாக விற்கிறார்கள், பார்த்து வாங்குங்கள். ‘அபூர்வ ஸ்டாலின் விருது (Order of Stalin), சோவியத் காலத்தியது’ என்று எவராவது காட்டினால் நடையைக் கட்டுங்கள். 1949-இல் மாதிரி செய்து பார்த்தார்களே தவிர, சோவியத் அரசு அப்படி ஒரு விருதை ஏற்படுத்தவே இல்லை. இன்று கிடைப்பதெல்லாம் யூனியன் உடைந்த பிறகு அடித்தவை. அப்படி என்று சொல்லி விற்றால் தாராளமாக வாங்கலாம்.

முக்கியமாக, ரஷ்யாவில் படிக்கும் அந்தப் பிள்ளையிடம் சொல்லிவையுங்கள்: உண்மையான சோவியத் அரசு விருதுகளை ரஷ்யாவில் விற்பதும் வாங்குவதும் குற்றம், குற்றவியல் சட்டம் 324-ஆம் பிரிவு. சந்தையில் ‘செந்நட்சத்திரம்’ என்ற சோவியத் ராணுவ விருதை யாராவது கோட்டுக்குள்ளிருந்து எடுத்துக் காட்டினால் தொடக்கூட வேண்டாம். நம்முடைய ‘தகரத்துக்கு’ இந்தத் தொல்லை கிடையாது. விலையும் நான் வாங்கியபோது கேன்டீன் சாப்பாட்டுக் காசுதான்.

கையில் இருப்பதை பி.வி.சி. பிளாஸ்டிக் உறையில் போட்டு வைக்காதீர்கள். பித்தளை பச்சை பூத்துப் பிசுபிசுக்கும், நம்ம ஊர் ஈரத்துக்குச் சொல்லவே வேண்டாம். அட்டையைத் தனியாக ஒரு காகித உறையில் வையுங்கள். அட்டையில் பெயர் இருந்தால் பதில் போடுங்கள், ரஷ்ய எழுத்தை வாசித்துச் சொல்கிறேன். படம் போடும்போது மட்டும் குடும்பப் பெயரை மறைத்துவிடுங்கள், பேரப்பிள்ளைகள் எங்காவது இருப்பார்கள்.