மனையை விற்காதீர்கள், சார்

டெல்லி ஆர்.கே.புரத்திலிருந்து ஒரு அப்பா எழுதியிருக்கிறார். மகள் பி.ஏ. அரசியல் அறிவியல் முடித்துவிட்டாள். ஊரில் பெரியப்பா, இங்கே தாய்மாமா, எல்லோரும் ஐ.ஏ.எஸ். என்கிறார்கள். இங்கே ராஜேந்தர் நகரில் ஐ.ஏ.எஸ். கோச்சிங்குக்காக ஊரில் இருக்கும் மனையை விற்கலாமா என்று கேட்கிறார்.

வேண்டாம் சார். ஐ.ஏ.எஸ்.ஸுக்கான சிவில் சர்வீஸ் தேர்வுக்கு ஆண்டுதோறும் ஏறத்தாழ 10 லட்சம் பேர் விண்ணப்பிக்கிறார்கள். தேர்வாகிறவர்கள் 1,000 பேர் அளவில்தான். பொதுப் பிரிவுக்கு 32 வயதுக்குள் 6 வாய்ப்பு. அத்தனையும் எழுதி முடித்து, வேறு எந்த வேலையும் பழகாமல் முப்பதைத் தாண்டிய பிள்ளைகள் என்னிடம் வந்துகொண்டே இருக்கிறார்கள். மச்சானை அவர்களில் ஒருவரோடு பேசச் சொல்லுங்கள்.

வார்டு அலுவலகத்தில் கொடுத்த புகார் எந்த மேசையில் எத்தனை நாள் கிடந்தது என்று மகள் குறித்து வைத்திருப்பதாக நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அரசு அலுவலகம் எப்படி இயங்குகிறது என்பதுதான் அவள் மனம் போகிற திசை.

வங்கித் தேர்வு, மத்திய அரசு வேலைக்கான எஸ்.எஸ்.சி. தேர்வு எல்லாம் உங்களுக்கே தெரியும். நான் சொல்ல வருவது ஐ.டி.ஓ. பக்கத்தில் இருக்கும் இந்தியப் பொது நிர்வாக நிறுவனத்தை, அதாவது ஐ.ஐ.பி.ஏ.வை. அமெரிக்க நிர்வாக அறிஞர் பால் ஆப்பிள்பி 1953-ல் கொடுத்த அறிக்கையை ஒட்டி 1954-ல் தொடங்கினார்கள். நேருதான் முதல் தலைவர். பயிற்சிக்கூடம் என்பதோடு, அதிகாரிகளும் பேராசிரியர்களும் உறுப்பினராக இருக்கும் சங்கமும்கூட. மாநிலங்களில் கிளைகள் உண்டு, சென்னையிலும். பாதிப் பணிக்காலம் முடிந்த அதிகாரிகள் 1975 முதல் இங்கே 10 மாதப் பயிற்சிக்கு வருகிறார்கள். ராணுவ அதிகாரிகளும் அவர்களோடு உட்கார்ந்து படிக்கிறார்கள். பதவிக்கு வந்து பல வருடம் ஆனவர்களுக்கே இந்தப் படிப்பு தேவைப்படுகிறது என்பதை உறவினர்களுக்குச் சொல்லுங்கள். 1955 முதல் ஆய்விதழ் வருகிறது. சொற்பொழிவு, கட்டுரைப் போட்டி, உறுப்பினர் மாநாடு, நல்ல நூலகம் எல்லாம் இருக்கின்றன. யார் யாருக்கு அனுமதி என்று நேரில் போய்க் கேளுங்கள்.

சங்கம் வேலை வாங்கித் தராது. அதனால் இக்னோவில், அதாவது இந்திரா காந்தி திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில், எம்.ஏ. பொது நிர்வாகம் சேரட்டும். கோச்சிங் கட்டணத்தில் சிறு பங்குதான் ஆகும். கூடவே நகர்ப்புற ஆய்வு செய்யும் ஏதாவது அமைப்பில் சின்ன வேலை. அந்த இதழைப் படித்து, அந்தப் பேச்சுகளைக் கேட்டு வளர்ந்த பெண்ணுக்குக் கொள்கை ஆய்வு நேர்காணலில் பேச விஷயம் இருக்கும். பிறகு அவளாகவே சிவில் சர்வீஸ் எழுத நினைத்தாலும் பொது நிர்வாகம் அங்கே விருப்பப் பாடமாக இருக்கிறது.

இக்னோ சேர்க்கை ஜனவரியிலும் ஜூலையிலும் நடக்கும். விண்ணப்பத்தை அவளே நிரப்பட்டும். பக்கத்தில் மாமா வேண்டாம்.