கப்பல் கேபினில் தமிழ் சேனல் வரவில்லை: யார் மேல் வழக்குப் போடுவது?

கேள்வி (நீண்ட கடிதத்தின் சுருக்கம்): கோத்தகிரி பக்கம் வசிக்கிறேன். தேயிலை ஃபாக்டரியில் மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவன். சென்ற ஆண்டு இறுதியில் சிங்கப்பூரிலிருந்து கிளம்பும் ஏழு இரவு சொகுசுக் கப்பல் பயணத்துக்குக் குடும்பத்தோடு போனோம். அம்மாவுக்கு 79 வயது, முழங்கால் வலி. படுகும் தமிழும் தவிர வேறு பாஷை தெரியாது. சாயங்காலம் சீரியல் இல்லாவிட்டால் அவருக்குப் பொழுதே போகாது. குன்னூரில் உள்ள டிராவல் ஏஜென்டிடம் இதைச் சொன்னபோது, "ரூம்லயே தமிழ் சேனல் எல்லாம் வரும் சார், கிரிக்கெட்டும் வரும், அம்மாவைப் பத்திக் கவலையே படாதீங்க" என்றார். வாட்ஸ்அப்பில் வாய்ஸ் மெசேஜாகவும் அனுப்பினார். அதை நம்பி 62,000 ரூபாய் கூடுதலாகக் கட்டி பால்கனி கேபின் எடுத்தோம். போய்ப் பார்த்தால் ஆங்கிலச் செய்தி, கப்பல் கம்பெனியின் விளம்பரம், கப்பல் முகப்பு கேமரா, காசு கட்டிப் பார்க்கும் படங்கள், இவ்வளவுதான் டிவியில். பேரன் ரிமோட்டை அழுத்தியதில் மூன்று படத்துக்குப் பில் வேறு. அம்மா தினமும் அழுதார். புகார் செய்ததற்கு 100 சிங்கப்பூர் டாலரைக் கப்பல் கணக்கில் வரவு வைத்து, ஒரு பேப்பரில் கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள். ஊர் திரும்பி ஏஜென்டைக் கேட்டால், "அது கப்பல்காரங்க பொறுப்பு" என்கிறார். அவர் ஃபிராடு, யாரும் போகாதீர்கள் என்று அவர் போட்டோவோடு எங்கள் ஊர் வாட்ஸ்அப் குரூப்பில் போட்டுவிட்டேன். கப்பல் கம்பெனி, ஏஜென்ட் இருவர் மேலும் 20 லட்சம் கேட்டு வழக்குப் போடலாமா?

பதில்: அம்மா அழுததைப் பற்றி ஒன்றரைப் பக்கம் எழுதியிருக்கிறீர்கள். ஏஜென்ட் கடையில் எப்படி அலட்சியமாகப் பேசினார் என்பதற்கு ஒரு பக்கம். ஆனால் வழக்குக்கு வேண்டிய ஒரே ஒரு தகவலை எழுதவில்லை. அந்த வாய்ஸ் மெசேஜ் எந்தத் தேதியில், எத்தனை மணிக்கு வந்தது? 62,000 ரூபாய் உங்கள் வங்கிக் கணக்கிலிருந்து எப்போது போனது?

வாய்ஸ் முதலில், பணம் பிறகு என்றால் உங்களுக்கு நல்ல வழக்கு இருக்கிறது. பணம் முதலில் போய், அதன் பிறகு நீங்கள் கவலைப்பட்டுக் கேட்டதற்கு அவர் சமாதானமாகச் சொன்னது என்றால், அந்த வார்த்தையை நம்பித்தான் பணம் கட்டினேன் என்று உங்களால் சொல்ல முடியாது. கடையில் நேரில் சொன்னார் என்பதை அவர் மறுத்துவிடுவார். பிறகு அது உங்கள் பேச்சு, இது அவர் பேச்சு. இன்றைக்கே போனைத் திறந்து இரண்டு தேதியையும் பாருங்கள். மீதியை அதற்கப்புறம் படித்தால் போதும்.

ஏன் இதையே பிடித்துக்கொண்டு பேசுகிறேன் என்றால், 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 2(11) பிரிவு சேவைக் குறைபாட்டை அப்படித்தான் சொல்கிறது. சட்டப்படி செய்ய வேண்டியதைச் செய்யாமல் விட்டிருக்க வேண்டும், அல்லது ஒப்பந்தத்தாலோ வேறு விதமாகவோ ஏற்றுக்கொண்டதைச் செய்யாமல் விட்டிருக்க வேண்டும். கப்பல் கேபினில் தமிழ் சேனல் காட்டு என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. அப்படியானால் யாராவது அதை ஏற்றுக்கொண்டிருக்க வேண்டும். ஏற்றுக்கொண்டது கப்பல் கம்பெனி இல்லை, குன்னூர்க்காரர்.

கோத்தகிரியில் சின்ன லாட்ஜில்கூட இருநூறு சேனல் வருகிறது, ஆயிரக்கணக்கான பேர் போகும் கப்பலில் வராதா என்று கேட்கிறீர்கள். இந்த வாதத்தை நீங்கள் எடுக்க வேண்டும் என்றுதான் எதிர்த்தரப்பு வக்கீல் காத்திருப்பார். நம் வீட்டுக் கூரையில் இருக்கும் டிஷ் ஒரே திசையில் ஒரு செயற்கைக்கோளைப் பார்த்துக்கொண்டு நிற்கிறது. அந்தச் செயற்கைக்கோள் அனுப்பும் சிக்னல் கற்றை இந்திய நிலப்பரப்பை நோக்கி அமைக்கப்பட்டது. கப்பல் நகர்ந்துகொண்டே, ஆடிக்கொண்டே போவது. மேல்தளத்தில் பெரிய வெள்ளை உருண்டைகளைப் பார்த்திருப்பீர்கள்; அவற்றுக்குள் இருக்கும் ஆன்டெனா கப்பல் எப்படித் திரும்பினாலும் செயற்கைக்கோளைத் தேடிப் பிடித்துக்கொண்டே இருக்கும். அப்படிப் பிடித்தாலும் கற்றை விழும் எல்லைக்குள் கப்பல் இருக்க வேண்டும். சிக்னல் கிடைத்துவிட்டாலும் அதைக் கேபினில் காட்டும் உரிமை தனி. ஒளிபரப்பு உரிமைகளை நாடு நாடாகப் பிரித்துத்தான் விற்கிறார்கள், விளையாட்டுக்கு இன்னும் கறாராக. அதனால்தான் பெரும்பாலான கப்பல்கள் கடலுக்கென்றே தொகுத்து விற்கும் சர்வதேசச் செய்தி சேனல்களையும், கப்பலுக்கும் விமானத்துக்கும் என்றே நடக்கும் ஸ்போர்ட் 24 மாதிரியானவற்றையும் வாங்கி வைத்துக்கொள்கின்றன. சிங்கப்பூரில் தமிழ் ஆட்சிமொழி ஆயிற்றே, வசந்தம் சேனல் இருக்கிறதே என்று எழுதியிருக்கிறீர்கள். இருக்கிறது, அது சிங்கப்பூர்க்காரர்களுக்கு. அங்கிருந்து கிளம்பும் கப்பலில் அதைக் கேட்கும் உரிமை உங்களுக்கு எங்கிருந்தும் வராது.

இவ்வளவு விவரம் எதற்கு என்றால், "தொழில்நுட்பப்படி முடியும், வேண்டுமென்றே தரவில்லை" என்று நீங்கள் ஒரு வரி எழுதினால்கூட அதை நிரூபிக்கும் சுமை உங்கள் தலையில் விழும். அந்த வம்பே வேண்டாம். அது கஷ்டமான காரியமாகவே இருக்கட்டும். கஷ்டம் என்று தெரிந்திருக்க வேண்டியவர் கப்பல் டிக்கெட் விற்பதைத் தொழிலாக வைத்திருப்பவர். விசாரிக்காமல் "வரும்" என்று சொன்னது அவர் குறை.

பேரன் அழுத்திய மூன்று படங்களை மறந்துவிடுங்கள். கப்பலை விட்டு இறங்கும்போது கணக்கைத் தீர்த்துவிட்டு வந்திருக்கிறீர்கள். கிரிக்கெட்டையும் விடுங்கள்.

கப்பல் கம்பெனியையும் விடுங்கள். 100 டாலர் வாங்கிக்கொண்டு கையெழுத்துப் போட்ட பேப்பரின் நகலை நீங்கள் அனுப்பவில்லை. இப்படிப்பட்ட பேப்பரில் இந்தப் புகார் இத்தோடு முழுமையாகத் தீர்ந்தது என்ற வரி வழக்கமாக இருக்கும். கடைசி நாள் ராத்திரி கருத்துப் படிவம் கொடுத்திருப்பார்களே, அதில் என்ன டிக் அடித்தீர்கள்? கேபினைச் சுத்தம் செய்த பையன் நல்லவன் என்பதற்காக எல்லாக் கட்டத்திலும் "மிக நன்று" போட்டுவிட்டு வருவதுதான் நம் ஆட்களின் பழக்கம். அந்தப் படிவம் கம்பெனியின் ஃபைலில் இருக்கும். டிக்கெட் நிபந்தனையில் வெளிநாட்டுக் கோர்ட், குறுகிய காலக்கெடு என்று எழுதியிருக்கும். அதையெல்லாம் மறுக்க நமக்கும் வழி உண்டு: நுகர்வோர் சட்டத்தின் 100-வது பிரிவு, ஒப்பந்தச் சட்டத்தின் 28-வது பிரிவு. ஆனால் 62,000 ரூபாய்க்காக அந்தச் சண்டையை ஊட்டியில் ஆரம்பித்து எப்போது முடிப்பது? வெளிநாட்டுக்கு நோட்டீஸ் போய்ச் சேருவதற்கே காலம் ஓடிவிடும். தவிர, வழக்கில் கம்பெனியும் பக்கத்தில் நின்றால் ஏஜென்டுக்குத்தான் வசதி. ஒப்பந்தச் சட்டம் 230-வது பிரிவைக் காட்டி, "நான் முகவர் மட்டும், முதலாளியைக் கேளுங்கள்" என்பார். அவரைத் தனியாக நிறுத்தினால், வாய்ஸ் மெசேஜில் இருப்பது கம்பெனியின் வாக்குறுதியில்லை, அவருடைய சொந்த வார்த்தை என்று நேராகக் கேட்கலாம்.

20 லட்சம் விஷயம். இப்போதைய சட்டத்தில் எவ்வளவு கேட்கிறீர்கள் என்பதை வைத்து அதிகார வரம்பு (எந்த ஆணையம் விசாரிக்கலாம் என்பது) வருவதில்லை, எவ்வளவு பணம் கொடுத்தீர்கள் என்பதை வைத்துத்தான். கொடுத்த பணம் 50 லட்சம் வரை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். அதுவும் 5 லட்சம் வரை என்றால் கட்டணமே கிடையாது. கேட்பதற்குச் செலவில்லை என்பதால் எல்லோரும் லட்சக்கணக்கில் கேட்கிறார்கள். அதனால் என்ன ஆகிறது என்றால், எதிர்த்தரப்பு சமரசம் பேச வரும் கதவு சாத்திக்கொள்கிறது. நாற்பதாயிரம் கொடுத்து முடிக்கத் தயாராக இருந்தவரும், 20 லட்சத்தைப் பார்த்ததும் வக்கீல் வைத்துக்கொள்கிறார்.

இனி உண்மையான ஆபத்துக்கு வருகிறேன். உங்கள் கடிதத்தில் கடைசியில், பெருமையாக எழுதியிருக்கிறீர்கள்: குரூப்பில் போட்டுவிட்டேன் என்று.

இந்த ஒரு வரியால் நீங்கள் வாதியாக இருக்கும் வழக்கோடு, எதிரியாக, அதாவது குற்றம் சாட்டப்பட்டவராக, இருக்கும் வழக்கும் தயாராகிவிட்டது. பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் இடத்தில் வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 356-வது பிரிவு, அவதூறு. இரண்டு ஆண்டு வரை சாதாரணச் சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும், அல்லது சமூக சேவை. யாரும் உங்களைச் சிறையில் போடப் போவதில்லை, அது எனக்கும் தெரியும். ஆனால் தனிநபர் புகாராக மாஜிஸ்திரேட் கோர்ட்டில் அவர் தாக்கல் செய்தால் நீங்கள் வாய்தாவுக்கு வாய்தா நேரில் நிற்க வேண்டும். அறுபது வயதுக்கு மேல், எதிரி என்று பெயர் கூப்பிட எழுந்து நிற்பது எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். விசாரணைக்கு எடுக்கும் முன் உங்களைக் கேட்க வேண்டும் என்று புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 223-வது பிரிவு சொல்கிறது. கொஞ்சம் மூச்சு விட இடம், அவ்வளவுதான்.

"நான் சொன்னது உண்மைதானே" என்பீர்கள். வழக்கென்று வரும் எல்லாக் கட்சிக்காரர்களும் இதைத்தான் சொல்கிறார்கள். "தமிழ் சேனல் வரும் என்றார், வரவில்லை, பணத்தையும் தர மறுக்கிறார்" என்று எழுதியிருந்தால் நான் கவலைப்பட்டிருக்க மாட்டேன். அது நடந்தது. "ஃபிராடு" என்பது வேறு. ஏமாற்றும் எண்ணத்தோடு செய்தார் என்று பொருள். அவர் விவரம் தெரியாமல் வாய்க்கு வந்ததைச் சொன்னாரா, தெரிந்தே ஏமாற்றினாரா என்பதை இனி நீங்கள் நிரூபிக்க வேண்டும். உண்மை என்பதோடு பொது நன்மைக்காகச் சொன்னேன் என்பதையும் சேர்த்துக் காட்ட வேண்டும். போட்டோ வேறு போட்டிருக்கிறீர்கள்.

மலையில் தொழில் செய்கிறவர்களுக்குப் பேர்தான் முதல். அந்த குரூப்பில் இருக்கும் முந்நூறு பேரும் அவருடைய வாடிக்கையாளர்கள், அல்லது வாடிக்கையாளரின் மச்சான்கள். 62,000 ரூபாய் அவருக்குப் பெரிய விஷயமாக இருந்திருக்காது. இப்போது அது மானப் பிரச்சினை. ஆணையத்தில் ஜெயித்து நஷ்டஈடு வாங்கிவிட்டு, அதைவிடக் கூடுதலாக அவதூறு வழக்கில் வக்கீல் ஃபீசும் பஸ் செலவும் கொடுத்தவர்களை எனக்குத் தெரியும். அந்த வழக்கைச் சமரசமாக முடிக்கச் சட்டம் இடம் தருகிறது, ஆனால் முடிக்க வேண்டியது அவர் கையில். அவர் கேட்கும் விலை என்ன தெரியுமா? நுகர்வோர் வழக்கை வாபஸ் வாங்கு என்பார்.

அதனால் இனி அந்த குரூப்பில் ஒரு எழுத்துகூடப் போடாதீர்கள். மகன், மருமகன் யாரும் உங்களுக்காகப் பரிந்து பேச வேண்டாம். பயந்துபோய் நீங்களாகவே மன்னிப்புப் பதிவும் போடாதீர்கள். அது எழுதிக் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம் ஆகிவிடும். மற்றவர்கள் ஸ்க்ரீன்ஷாட் எடுத்திருப்பார்கள், அழித்துவிட்டேன் என்று நிம்மதியடையவும் வேண்டாம்.

என்னைக் கேட்டால் சமரசம்தான். தேதிகள் உங்கள் பக்கம் இருந்தால், ஏஜென்டுக்கு மட்டும் அமைதியான ஒரு வக்கீல் நோட்டீஸ். கேபினுக்குக் கூடுதலாகக் கட்டிய 62,000, அதோடு நியாயமாக ஒரு பத்தாயிரம். ஃபிராடு, மோசடி, நம்பிக்கைத் துரோகம் என்ற வார்த்தைகள் நோட்டீசிலும் வரக்கூடாது. அவர் ஐம்பதாயிரத்துக்கு இறங்கி வந்தால் முடித்துக்கொள்ளுங்கள். கப்பலில் ஏழு நாள் சாப்பிட்டீர்கள், தூங்கினீர்கள், ஊர் பார்த்தீர்கள்; முழுப் பணமும் திரும்ப வராது. அவருக்கும் ஒரு கணக்கு இருக்கிறது: தோற்று மேல்முறையீட்டுக்குப் போனால் மாநில ஆணையத்தில் உத்தரவான தொகையில் பாதியைக் கட்டிய பிறகுதான் கேட்பார்கள். வழக்குப் போட்டால்கூட முதல் வாய்தாவிலேயே நுகர்வோர் சட்டத்தின் 37-வது பிரிவில் சமரசத்துக்கு அனுப்ப முடியுமா என்றுதான் பார்ப்பார்கள். அங்கே போய்ச் சேருவதை இப்போதே செய்துகொள்ளலாம்.

ஒப்பந்தப் பேப்பரில் தொகை, எப்படிக் கொடுக்கிறார் என்ற விவரத்தோடு, குரூப் பதிவு சம்பந்தமாகச் சிவில், கிரிமினல் எந்த நடவடிக்கையும் எடுக்க மாட்டேன் என்று அவர் எழுதித்தர வேண்டும். பதிவை நீங்கள் விலக்கிக்கொள்ளும் வாசகத்தையும் இருவரும் பார்த்து ஒத்துக்கொண்டு அதே பேப்பரில் சேர்த்துவிடுங்கள். அந்த வரி இல்லாமல் பணத்தை மட்டும் வாங்கிக்கொண்டு வராதீர்கள்.

அவர் மசியவில்லை என்றால், பயணம் முடிந்து இரண்டு ஆண்டுக்குள் ஊட்டி மாவட்ட ஆணையத்தில் தாக்கல் செய்யலாம், அவசரமில்லை. அம்மாவை அங்கே அழைத்துவர வேண்டாம். அவர் பட்ட கஷ்டத்துக்கு பிரமாணப் பத்திரத்தில் நாலு வரி போதும். ஆனால் அந்த வாய்ஸ் மெசேஜ் இருக்கும் போனைப் பத்திரமாக வையுங்கள். புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாட்சிய அதினியத்தின் 63-வது பிரிவுப்படி மின்னணுச் சாட்சியத்துக்குத் தர வேண்டிய சான்றிதழை அந்தப் போனை வைத்துத்தான் தர வேண்டியிருக்கும். வேறொருவருக்கு ஃபார்வர்டு செய்த காப்பி அசலுக்கு ஈடாகாது. அந்த அரட்டையில் தானாக அழியும் செட்டிங் போட்டிருந்தால் உடனே எடுத்துவிடுங்கள். பொங்கல் ஆஃபரில் எக்ஸ்சேஞ்சுக்கு அந்தப் போனைக் கொடுத்துவிடாதீர்கள்.